செல்லன் ஊர்ஸ்லி: சுவிஸ் படப்புத்தகங்களும் எங்கள் வீட்டு வாய்மொழியும்

இப்படியொரு கட்டுரை எழுதுகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு காலமும் தேசியம், சாதியம், மார்க்சியம் எண்டு எழுதிப்போட்டு இப்ப பூனைக்குட்டிப் புத்தகத்துக்கு வந்து நிக்கிறீர்" என்றார். வயது போனவர்கள் கோயிலுக்குப் போவார்கள், நீர் குழந்தைப் புத்தகத்துக்குப் போகிறீர் என்பது அவர் சொல்லாமல் விட்ட மிச்சம். நான் வாதிடவில்லை. புகலிடத்தில் நாம் தமிழில் என்ன எழுதினோம் என்பதற்கு எங்களிடம் ஓரளவு கணக்கு இருக்கிறது. சிற்றிதழ்கள், இலக்கியச் சந்திப்புக் கட்டுரைகள், கவிதைத் தொகுதிகள் என்று அடுக்கலாம். ஆனால் வேலை முடிந்து வந்த இரவுகளில், பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு, ஒரு டொச் படப்புத்தகத்தைப் பார்த்து வாயால் தமிழில் என்ன சொன்னோம் என்பதற்குக் கணக்கில்லை. அதுவும் ஓர் எழுத்துத்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. அதன் வரலாற்றை எழுதப் புகுந்தால் அந்தப் புத்தகங்களின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1997 மாசி மாதம். யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் வன்னியிலும் கொழும்பிலுமாக அலைந்த அம்மா, மூன்று மாத விசாவில் பேர்ணுக்கு வந்திருந்தார். கிண்டர்கார்டனுக்குப் போய்க்கொண்டிருந்த மகள் நூலகத்திலிருந்து ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து அப்பம்மாவின் மடியில் வைத்தாள். "ஷெல்லன் உர்ஸ்லி" என்றாள். டொச் மொழியில் ஷெல்லன் என்றால் மாட்டுக் கழுத்தில் கட்டும் பெரிய மணி. மணிக்கார ஊர்ஸ்லி என்று சொல்லலாம். அம்மாவின் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. "செல்லனோ? ஆற்றை செல்லன்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் செல்லன் ஊர்ஸ்லி.

இந்தச் செல்லனின் கதை சுருக்கமானது. எங்கடீன் பள்ளத்தாக்கிலே பங்குனி முதலாம் திகதி சலண்டாமார்ஸ் என்றொரு கொண்டாட்டம். சிறுவர்கள் மணிகளைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து பனிக்காலத்தை விரட்டுவார்கள். பெரிய மணி வைத்திருப்பவன் முன்னுக்குப் போவான், சின்ன மணிக்காரன் கடைசியில் இழுபட்டுப் போக வேண்டும். ஊர்ஸ்லிக்குக் கிடைத்ததோ எல்லாவற்றிலும் சின்ன மணி. மலையிலே தங்கள் கோடைக்காலக் குடிலில் ஒரு பெரிய மணி தொங்குவது அவனுக்கு ஞாபகம் வருகிறது. யாருக்கும் சொல்லாமல் பனிக்குள் ஏறிப்போகிறான், மணியை எடுக்கிறான், களைப்பில் அங்கேயே தூங்கிவிடுகிறான். கீழே தாயும் தகப்பனும் பிள்ளையைக் காணாமல் தவிக்கிறார்கள். விடிய அவன் வந்து சேருகிறான், ஊர்வலத்தில் முதலாவதாகப் போகிறான், பிறகு வீட்டிலே கஸ்தானியன் கொட்டைகளைப் பாலாடையோடு வயிறு முட்டச் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். நீதி ஒன்றும் இல்லை. சொல்லாமல் போனதற்கு அடியும் இல்லை. எங்கள் ஊரிலே இக்கதையை எழுதியிருந்தால் கடைசிப் பக்கம் ஒரு பூவரசங்கம்பில் முடிந்திருக்கும்.

இப்புத்தகம் 1945இல் சூரிச்சில் வெளியானது. கதையை எழுதியவர் செலினா கென்ஸ் (1910-2000), ஒரு கிண்டர்கார்டன் ஆசிரியை. படங்கள் அலோய்ஸ் கரிஜியெட் (1902-1985) வரைந்தவை. சுவிஸ்காரரில் பலருக்கே மறந்துபோன சங்கதி ஒன்றுண்டு. கென்ஸ் இதை முதலில் எழுதியது டொச்சில் அல்ல, ரொமான்ஷ் மொழியில். அங்கே இவன் பெயர் உவொர்சின். இந்நாட்டின் ஆகப் பிரபலமான படப்புத்தகம், ஆகச் சிறிய தேசிய மொழியிலிருந்து வந்தது. ரொமான்ஷ் மொழியை இன்று முதன்மை மொழியாகக் கொண்டோர் நாற்பதாயிரம் அளவினர். சுவிஸில் இலங்கைத் தமிழர் தொகை ஐம்பதாயிரம் அளவில் எனச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் நாங்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. (நிலமும் பள்ளிக்கூடமும் வாக்குச்சீட்டும் வேறு விடயம். அதை மறந்துவிட்டுப் பேசவில்லை.)

1938 மாசி 20ந் திகதி நடந்த வாக்கெடுப்பில் தொண்ணூறு வீதத்துக்கும் மேலான சுவிஸ் ஆண்கள் ரொமான்ஷை நான்காவது தேசிய மொழியாக ஏற்றனர். (பெண்களுக்கு வாக்குரிமை 1971 வரை இல்லை.) இத்தனை பெருந்தன்மைக்குப் பின்னால் அச்சமும் இருந்தது. ரொமான்ஷ் என்பது இத்தாலிய மொழியின் ஒரு வட்டார வழக்கே என்று முசோலினியின் ஆட்கள் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வடக்கில் ஹிட்லர், தெற்கில் முசோலினி. மலை, மாடு, மணி, சொந்த மொழி எல்லாமே தேசப் பாதுகாப்பின் சின்னங்களான காலம் அது. ஊர்ஸ்லியின் வீட்டுச் சுவரிலுள்ள ஒவ்வொரு கீறலும் இந்தக் காலநிலைக்குள் வரையப்பட்டது. அவ்வீட்டுக்கு மாதிரியான குவார்டா என்னும் ஊரின் பழைய வீடுகளை அதே ஆண்டுகளில் திருத்தியமைத்த கட்டிடக் கலைஞர், கென்ஸின் கணவர். ஆகவே கதகதப்பான இந்தப் புத்தகம் அரசியலற்றது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஆனாலும் அதை வெறும் தேசியப் பிரச்சாரம் என்று தள்ளவும் என்னால் முடியவில்லை. காரணம் கரிஜியெட். அவர் ட்ருண் என்ற ரொமான்ஷ் மலைக்கிராமத்தில் பதினொரு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். 1911இல், ஒன்பது வயதில், குடும்பம் பிழைப்புத் தேடிக் கூர் நகரத்துக்குப் போனது. போன தூரம் பெரிதல்ல. எனினும் மலைச் சொர்க்கத்திலிருந்து ஒடுங்கிய தெருவில் இருண்ட கீழ்த்தட்டு வீட்டுக்குக் குடிபெயர்ந்ததாகவே அதைக் கடைசிவரை நினைவுகூர்ந்தார். மொழியும் மாறியது. பிறகு சூரிச்சில் விளம்பரச் சுவரொட்டி ஓவியராகப் பெயர் பெற்றார். 1939இல் எல்லாவற்றையும் விட்டு ஓபர்சாக்சன் பக்கத்தில் பிளாத்தெங்கா என்னும் குக்கிராமத்துக்குப் போனார். கென்ஸ் கதையோடு அவரை அணுகியபோது உடனே கைவைக்கவில்லை. குவார்டாவுக்குப் போய்ப் பார்த்து, தயங்கி, புத்தகம் முடிய ஐந்து ஆண்டுகள் அளவில் சென்றன. 1966இல் படப்புத்தக ஓவியத்துக்கான அன்டர்சன் விருது முதன்முதல் ஏற்படுத்தப்பட்டபோது அது அவருக்கே கிடைத்தது. சின்ன வயதில் இழந்த ஊரை வேறொருவரின் ஊரைப் பார்த்து வரைந்தவர் அவர். இந்த ஏக்கம் எங்களுக்கும் அந்நியமல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கரிஜியெட் 1933இல் சூரிச்சில் உருவான கபரே கோர்னிஷோன் என்னும் நையாண்டி மேடையைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாஜிகளை மேடையில் கிண்டலடித்து, யேர்மன் தூதரகம் பலமுறை முறைப்பாடு செய்யுமளவுக்குப் போன மேடை அது. அங்கே மேடைக் காட்சிகள் வரைந்த இன்னொருவர் ஹன்ஸ் பிஷர் (1909-1958). பகிடிப் பத்திரிகைக்குக் கார்ட்டூன் போட்டவர், வீட்டிலே தன் பிள்ளைகளுக்காகப் படக்கதைகள் வரைந்தவர். 1948இல் வந்த அவருடைய "பிட்ச்சி" எங்கள் வீட்டில் அட்டை கழன்று விழும்வரை இருந்தது. பிட்ச்சி ஒரு பூனைக்குட்டி. அதற்குப் பூனையாக இருக்கப் பிடிக்கவில்லை. சேவல் மாதிரி நடந்து பார்க்கிறது, ஆடு மாதிரி, வாத்து மாதிரி, முயல் மாதிரி. வாத்தாகப் போய்த் தண்ணீரில் தாழப் பார்க்கிறது. முயல்கூட்டுக்குள் அடைபட்டு இரவிலே நரியைக் கண்டு நடுங்குகிறது. கடைசியில் காய்ச்சலில் விழுந்து, வீட்டுக்காரக் கிழவி பராமரித்து எடுக்கிறாள். சுவிஸ் படப்புத்தகத்தின் சிரிப்பு சும்மா ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒரு பகுதி நேரே அரசியல் மேடையிலிருந்து வந்தது. பெரியவர்களைச் சிரிக்க வைக்கப் பழகிய கைகளே பிள்ளைகளுக்கும் கீறின. (அதற்கும் முன்னோடி உண்டு. பேர்ணில் பிறந்த ஏர்ன்ஸ்ட் கிரைடோல்ஃப் 1898இல் பூக்களை மனிதராக்கி வரைந்த புத்தகத்துக்குக் கல்லச்சையும் தானே செய்தார். அழகானது, ஆனால் என் மகள் சிரிக்கவில்லை.)

சிரிப்பென்றால் எல்லாச் சிரிப்பும் நல்லதென்று சொல்ல வரவில்லை. குளோபி என்ற நீலக் கிளி 1932இல் ஒரு பெரிய அங்காடியின் விளம்பரத்துக்காகப் பிறந்தது. கட்டம்போட்ட காற்சட்டையும் தொப்பியுமாக 1935இல் உலகப் பயணம் போனது. அதன் பழைய புத்தகங்களில் ஆபிரிக்கர்களும் வேறு மக்களும் வரையப்பட்ட விதம் 1970கள் தொடக்கம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது, பின்னைய பதிப்புகள் மாறின. விமர்சிக்கப்பட்டது எது என்று எனக்குப் புத்தகம் படித்து விளங்க வேண்டியிருக்கவில்லை. பழைய பொருட்கடையொன்றில் இரண்டு பிராங்குக்கு வாங்கிய வேறொரு படப்புத்தகத்தில் (பெயர் வேண்டாம்) கறுத்த மனிதன் ஒருவனை, மரத்தில் தொங்கவிட்டு, பல்லைக் காட்ட வைத்திருந்தார்கள். மகள் விரலை வைத்து, "இது நீங்களா அப்பா?" என்று கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அந்த வீட்டுப் புத்தகங்களிலே என் நிறத்தில் இருந்த ஒரே ஆள் அவன்தான்.

இனி மொழிக்கு வருகிறேன். நாங்கள் டொச் என்று வகுப்பில் கற்றது எழுத்து டொச். இங்குள்ள பிள்ளைகள் பேசுவது அது அல்ல. எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் இருந்த சுவிஸ் பெண்மணி ஒருநாள் எங்கள் பிள்ளைக்கும் தன் பிள்ளைக்கும் சேர்த்துப் புத்தகம் வாசித்தார். நான் எட்டிப் பார்த்தேன். அச்சிலே இருந்தது ஒன்று, அவர் வாயிலிருந்து வந்தது வேறொன்று. எழுத்து டொச்சைக் கண்ணால் பார்த்து, அந்தக் கணமே பேர்ண் வழக்கில் சொல்லிக்கொண்டு போனார். எதுகை உடைந்தது, வரி நீண்டது, பிள்ளைகள் கவலைப்படவில்லை. பிறகு விசாரித்தால், சுவிஸ் டொச் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வாசிக்கிறார்களாம். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. அதுவரை நான் படப்புத்தகத்தைத் தமிழில் சொல்வது என் டொச் அறிவின் போதாமையை மறைக்கும் கள்ள வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்நாட்டுக்காரரே அதைத்தான் செய்கிறார்கள்.

படப்புத்தகம் என்ற வடிவத்தின் இயல்பே இது என்று பின்னர் விளங்கியது. மற்றப் புத்தகங்களில் எழுத்துத்தான் புத்தகம். இதிலே எழுத்தென்பது பெரியவரின் வாய்க்குக் கொடுக்கப்பட்ட குறிப்பு மாத்திரம். அச்சுத்தொழிலிலும் இது அப்படியே பிரதிபலிக்கிறது. படங்கள் வண்ணத் தகடுகளில், எழுத்து கறுப்புத் தகட்டில். வண்ணம்தான் செலவு. ஒரே ஓட்டத்தில் படங்களை அடித்துவிட்டுக் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் இன்னொரு மொழிப் பதிப்பு. நாற்பதாயிரம் பேரின் மொழிக்கும் நல்ல வண்ணப் படப்புத்தகம் கட்டுப்படியாகும் வழி இது. பல நாட்டுப் பதிப்பகங்கள் இம்முறையிலேயே கூட்டாக அச்சிட்டு வந்தன. சுவிஸிலே 1931இல் தொடங்கிய இளையோர் நூல் நிறுவனமும் மலிவு விலைச் சிறு நூல்களை நான்கு தேசிய மொழிகளிலும் கொண்டுவந்தது.

இது எங்களுக்குப் புதினமல்ல. என் தலைமுறைக்கு யாழ்ப்பாணத்தில் வண்ணப் புத்தகம் என்றால் மொஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகமும் பிறகு ராதுகாவும் ஒரே படங்களை வைத்துப் பல மொழிகளில் அடித்து அனுப்பின. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் தமிழாக்கிய நூல்கள் வழுவழுத்த தாளில் ஒரு தனி வாசத்தோடு வந்தன. கரடி, பனி, மரக்குடில் எல்லாவற்றையும் நான் முதலில் கண்டது அங்கேதான். பேர்ணில் முதல் பனி விழுந்த நாள் எனக்கு அது பழைய இடம் போலிருந்ததற்கு இதுதான் காரணம், வேறு மாயம் இல்லை. அம்புலிமாமா இருந்தது. 1970களில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது பழைய இதழ்கள் கைமாறின. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளியைப் பாடிச் சிரித்தோம். நல்ல பகிடிப் பாட்டு அது. ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கோட்டுப்படம்தான் அதற்கு. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பற்றி நாம் எழுதியபோதெல்லாம் சுவடிகளையும் அரிய நூல்களையுமே எண்ணினோம். அங்கே பிள்ளைகள் இருந்து வாசித்த புத்தகங்களும் எரிந்தன.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. தமிழ் நூல்கள் நின்றன. அதே ஆண்டில்தான் என் மகள் பிறந்தாள். சென்னையில் தாரா 1994இலும் தூலிகா 1996இலும் தொடங்கின. தூலிகா ஒரே படங்களுக்குப் பல இந்திய மொழிகளில் எழுத்திடும் அதே வழியைப் பிடித்தது. ஆனால் அவை எங்கள் பேர்ண் தமிழ்க்கடைக்கு வரவில்லை. அங்கே வந்தவை ஊறுகாயும் வீடியோவும். லண்டனில் மந்திரா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமுமாக இருமொழிப் படப்புத்தகங்கள் போட்டது. ஒருவர் எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார். மகளுக்கு ஆங்கிலம் தெரியாது, அதிலிருந்த எழுத்துத் தமிழும் தெரியாது. படத்தைப் பார்த்து நானே மூன்றாவது மொழியொன்றில், அதாவது வீட்டுத் தமிழில், சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் எங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடந்தன, நடக்கின்றன. ஒரு கிழமை முழுக்கச் சமையலறையில் நின்றவர்கள் ஓய்வு நாளில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது சின்ன விடயமல்ல. ஆனால் அங்கே தமிழ் என்றால் எழுத்து, இலக்கணம், பரீட்சை, நீதி. அறஞ் செய்வது முதல் நாளிலேயே தொடங்கிவிடும். நாங்கள், எழுதுகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள், அந்தப் பள்ளிகளை விமர்சித்தோம். நாங்கள் என்ன செய்தோம்? 1988இல் யேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு நகரம் நகரமாகப் போனது. இங்கிருந்து "மனிதம்" வந்தது. அமைப்பியலும் பின்னவீனத்துவமும் பேசினோம். அப்படியொரு கூட்டத்தில் பக்கத்து அறையில் பிள்ளைகளைத் தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து விட்டிருந்தோம். யாரோ மொழியும் அடையாளமும் பற்றிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருக்கையில் பக்கத்து அறையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் பிரான்சிலிருந்து வந்த பிள்ளைக்கும் நோர்வேயிலிருந்து வந்த பிள்ளைக்கும் என் மகள் பிட்ச்சியின் கதையை நடித்துக் காட்டுகிறாள். சொல் தமிழில்தான், வேறு பொதுமொழி அவர்களுக்கு இல்லை. சேவலாக நடந்தாள், வாத்தாக விழுந்தாள். என் வாயிலிருந்து போன அதே சொற்கள். "உது பூனையில்லை, உது பூனைக்கு வந்த கொழுப்பு" என்று நான் எப்போதோ சொன்னதையும் விடாமல் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போய்க் கட்டுரையைக் கேட்டேன். அன்றைக்கு நான் செய்த பிழை அது.

அகதிகள் பிள்ளைகளுக்கு எழுதுவதை இந்நாடு அதற்கு முன்பே கண்டிருக்கிறது. கூர்ட் கிளேபர் என்ற யேர்மன் கம்யூனிஸ்ட் 1933இல் தப்பி, மனைவி லீசா டெட்ஸ்னரோடு தெசின் மாநிலத்தில் தங்கினார். அவருக்கு இங்கே எழுதி வெளியிடத் தடை. ஆகவே கூர்ட் ஹெல்ட் என்ற புனைபெயரில் "சிவப்புச் சோரா" என்ற சிறுவர் நாவலை 1941இல் ஆராவிலிருந்த பதிப்பகம் வெளியிட்டது. டெட்ஸ்னர் பெயரில் வந்த "கறுப்புச் சகோதரர்கள்" நாவலிலும் அவர் கை இருந்தது. படப்புத்தகங்கள் அல்ல. என்றாலும் அரசியல் அகதி ஒருவர், வாயைக் கட்டியபோது, பிள்ளைகளின் பக்கம் திரும்பிப் பேசினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் வாயை யாரும் கட்டவில்லை. நாங்களாகவே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

1992இல் மார்க்குஸ் பிஸ்டர் என்ற பேர்ண்காரர் வரைந்த "வானவில் மீன்" வந்தது. மினுங்கும் செதில் ஒட்டிய அப்புத்தகம் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. அழகான மீன், அகம்பாவத்தில் தனித்துப் போகிறது. கணவாய் ஒன்று புத்தி சொல்ல, தன் மினுங்கும் செதில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்து நண்பர்களைப் பெறுகிறது. பகிர்ந்துண்ணும் பாடம் என்று பலர் கொண்டாடினர், மற்றவரைப் போலாகச் சொல்லும் பாடம் என்று சிலர் திட்டினர். நானும் திட்டுகிற கட்சி. "செதிலைப் பிடுங்கிக் குடுத்தாத்தான் சேர்ப்பினமாம், இதுதான் இவையின்ரை ஒருங்கிணைப்பு" என்று மனைவிக்குப் பிரசங்கம் செய்தேன். மகளுக்கு ஏழு வயது. "அப்பா, அது குடுத்தாப் பிறகும் மீன்தானே" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இன்றும் அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவளுடைய வாசிப்பு என்னுடையதை விடச் சரியாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவிடம் திரும்புகிறேன். ஊர்ஸ்லியை அவர் தனக்குத் தெரிந்த இடத்தில் வைத்துப் புரிந்துகொண்டார். மார்கழியில் திருவெம்பாவைக்கு எங்கள் ஊர்ப் பெடியள் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாக வருவார்கள். சேமக்கலம் பெரிய பெடியனுக்கு. சின்னனுகளுக்குத் தாளம். "உவனுக்குத் தாளம் குடுத்துப்போட்டாங்கள், அதுதான் கோவம்" என்று மகளுக்கு விளங்கப்படுத்தினார். மலைக்குடில் தோட்டக்கொட்டில் ஆனது. கஸ்தானியனுக்கு அவித்த பலாக்கொட்டை. (அந்தப் பனிக்காலம் முழுக்க ரயில் நிலையத்தடியில் மரோனி விற்பவரைக் கண்டால் மகள் "பலாக்கொட்டை" என்று கத்துவாள்.) பிறகு அவன் வீட்டுக்கு வராத இரவு வந்தது. அம்மா பேசவில்லை. மகள் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

என் தம்பிக்கும் தாளம்தான் கிடைத்தது, அதற்கு அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. 1986இல் ஒரு பின்னேரம் சைக்கிளைக் கிணற்றடியில் சாத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். எந்த இயக்கம் என்பது இங்கு தேவையில்லை. அம்மா எத்தனை இரவு விறாந்தையில் லாம்போடு இருந்தார் என்பதை நான் பார்க்கவில்லை. அப்போது நான் ஏற்கனவே இங்கே அகதி முகாமில்.

அந்தப் புத்தகத்தின் கதகதப்பை இனிப்பு என்று நினைத்திருந்த எனக்கு அன்று அது வேறாகத் தெரிந்தது. 1945இலே அதை வாங்கிய எத்தனை பேர் அந்தப் பக்கத்தில் நின்றிருப்பார்கள்? 1942இல் யூத அகதிகளுக்கு எல்லையைச் சாத்தி, ஆயிரக்கணக்கானோரைத் திருப்பியனுப்பிய நாட்டில், பனிக்குள் போன ஒரு பிள்ளை வீடு திரும்பும் கதை அது. பிற்காலத்தில் இதை ஒருவர் தெரிந்தோ தெரியாமலோ முழுமையாக்கினார். சாவியர் கொல்லர் என்ற சுவிஸ் இயக்குனர் 1990இல் எடுத்த "நம்பிக்கையின் பயணம்" துருக்கியிலிருந்து வரும் குர்திஷ் குடும்பம் ஒன்றின் கதை. பனிமலையைக் கடந்து சுவிஸுக்குள் நுழைகையில் அவர்களின் பிள்ளை குளிரில் இறந்துபோகிறது. 1988இல் ஸ்புளூகன் கணவாயில் உண்மையாக நடந்தது அது. 1991இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. அதே கொல்லர் 2015இல் ஊர்ஸ்லியைத் திரைப்படமாக்கினார். ஸ்புளூகனும் குவார்டாவும் ஒரே கிறவ்புண்டன் மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஒரே மலை, ஒரே பனி, ஒரு பிள்ளை திரும்பியது, ஒரு பிள்ளை திரும்பவில்லை. இரண்டையும் ஒருவரே எடுத்தார்.

அம்மா கையை விட்டதும் மகள் பக்கத்தைப் புரட்டினாள். வாசலிலே ஊர்ஸ்லி. "தம்பி வந்திட்டான்" என்றார் அம்மா. அதன்பின் மூன்று மாதமும் அந்தப் புத்தகத்தை எத்தனை முறை எடுத்தாலும் அவ்விடத்தில் அதே சொல். நூலகத் தவணையை நான் நான்கு தரம் நீட்டினேன்.

நிலைமைகள் இப்போது மாறியிருக்கின்றன. பாசலில் பிள்ளைகளுக்கான பன்மொழி நூலகம் யூக்கிபூ 1991இலேயே தொடங்கிவிட்டது. எங்களில் பலர் அதைக் கண்டுகொள்ளப் பத்து வருடம் எடுத்தோம். 2006 தொடக்கம் "எனக்கொரு கதை பரிசளி" என்ற திட்டத்தில், தாய்மொழியில் கதை சொல்ல ஆட்களைப் பயிற்றுவித்து, தாய் தகப்பனையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிவைக்கிறார்கள். தமிழிலும் நடந்திருக்கிறது. 2008 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகப் பொதி கொடுக்கும் திட்டமும் உண்டு. பிள்ளையோடு வீட்டு மொழியில் பேசாதீர்கள், டொச் பின்னுக்குப் போய்விடும் என்று எங்களுக்குப் புத்தி சொன்ன ஆசிரியர் ஒருவரை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வாய்மொழிப் பதிப்புகளைச் சேர்க்கலாம் என்று கொஞ்ச நாளாக ஆட்களிடம் கேட்டுக்கொண்டு திரிகிறேன். செங்காலனில் ஒரு தாய் ஊர்ஸ்லியின் மணியை நல்லூர் மணி என்று சொல்லி வளர்த்திருக்கிறார். லுசேர்ணில் ஒரு தகப்பனுக்கு டொச் வாசிக்கவே வராது. படங்களை மட்டும் வைத்து அவர் சொன்ன பிட்ச்சியில் நரிதான் நல்லவன். பூனைக்கு வழி காட்டித் தானும் விசா இல்லாமல் காட்டில் நிற்கிறதாம். அவருடைய மகன் பள்ளிக்கூடத்தில் கதையை அப்படியே சொல்லி, அது பிழை என்று திருத்தப்பட்டுத் திரும்பி வந்தானாம். பலர் மறந்துவிட்டார்கள். "அது சும்மா சொன்னது, அதையெல்லாம் ஏன்" என்கிறார்கள்.

போன மாரியில் மகள் தன் மகனுக்கு ஊர்ஸ்லி வாசித்தாள். அவனுக்கு நான்கு வயது. புதிய பிரதி. பாதி பேர்ண் வழக்கு, பாதி தமிழ். தாளம், தோட்டக்கொட்டில் எல்லாம் வந்தன. அம்மா 2009இல் இறந்துவிட்டார். பேரனுக்கு அவரைத் தெரியாது, சேமக்கலத்தையும் தெரியாது. இரவுப் பக்கம் வந்ததும் மகள் ஒரு கணம் நிறுத்தினாள். அங்கே நிறுத்த வேண்டும் என்றே அவள் பழகியிருக்கிறாள், ஏன் என்று நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. பிறகு புரட்டினாள்.

"தம்பி வந்திட்டான்" என்றாள், அச்சில் அப்படி இருப்பது போல. பேரன் பலாக்கொட்டைப் பக்கத்துக்கு அவசரப்பட்டான்.